பகல் பூட்டு

மாட்டுங்காவில் நான் இட்லி விற்கும் தோட்டத்துக்கு ஒரு பெரிய மனிதரின் பெயர் உண்டு. பலகையைத் தவிர அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. ஒரே வாசல், சுற்றி நடக்க ஒரு கல் பாதை, சில பெஞ்சுகள், நிழலுக்குப் பாதாம் மரங்கள். காலையில் வாக்கிங் வருகிற பெரியவர்கள் அந்தப் பாதையில் சுற்றிச் சுற்றி வருவார்கள். செக்கு மாட்டுக்காவது எண்ணெய் மிஞ்சும். இவர்களுக்குப் பசி மிஞ்சும், எனக்கு வியாபாரம் மிஞ்சும்.

பதினொரு மணிக்கு வாட்ச்மேன் விசில் ஊதி எல்லோரையும் வெளியே அனுப்பிச் சங்கிலி போட்டுப் பூட்டிவிடுவார். மறுபடி திறப்பது நாலு மணிக்கு. வெயில் கொளுத்தும்போது நிழலைப் பூட்டி, வெயில் தாழ்ந்ததும் திறந்துவிடுகிற அறிவை எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ தெரியாது. ஆனால் அந்தப் பூட்டை நம்பி ஒரு மனிதர் உயிர் வாழ்ந்தார். பூட்டுகிறவரே அவர்தான். நாகூர் கனி என்று பெயர். எனக்கு அண்ணாச்சி.

தாராவி லேபர் கேம்பில் அவர் வீடும் என் வீடும் எதிரெதிர். இரண்டு கதவையும் ஒரே நேரத்தில் திறந்தால் நடுவில் ஆள் போக முடியாது, அவ்வளவு அகலம் எங்கள் சந்து. மேலப்பாளையத்திலிருந்து மீசை முளைக்கும் முன்பே வந்தவர். முதலில் தாராவித் தோல் கிடங்கில் வேலை. கிடங்குகள் ஊருக்கு வெளியே போனபின் ஒரு பை பட்டறையில் தோலை மெருகு போடும் மிஷினில் நின்றார். தோல் தூசி நெஞ்சில் இறங்கி, படி ஏறினால் விசில் சத்தம் கேட்க ஆரம்பித்தது. போதும் என்றார் டாக்டர். பிறகு ஒரு ஏஜென்சி கொடுத்த காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு தோட்டத்து வாசலில் வந்து உட்கார்ந்தார். "நெஞ்சுக்குள்ள இருந்த விசில வெளிய எடுத்து ஊதுதேன்" என்று சொல்லிச் சிரிப்பார்.

அவர் மனைவி சபுரா. எனக்கு மயினி. அதே பட்டறையில் பைகளுக்கு உள்ளே துணி ஒட்டும் வேலை பார்த்தவர். பிள்ளை இல்லை. அதற்காக இருவரும் மூக்கைச் சிந்திக்கொண்டு இருந்ததாக நினைக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை பிரியாணி, ஞாயிற்றுக்கிழமை தாதர் மார்க்கெட் என்று எங்களைவிடச் சந்தோஷமாகவே இருந்தார்கள். பட்டறையையும் மூடினார்கள். அதற்குச் சில வருஷம் கழித்து ஒருநாள் மயினி காலையில் எழுந்து, தலை சீவி, டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். பட்டறை இருந்த இடத்தில் மொபைல் கடை. அந்தக் கடைக்காரன் கல்லாவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டு பசை டப்பாவைத் தேடியிருக்கிறார். அன்றைக்கு நாங்கள் சிரித்தோம்.

அடுத்த தடவை சிரிப்பு வரவில்லை. சயான் பாலத்தின் நடுவில், லாரிகளுக்கு இடையில் நின்றுகொண்டிருந்தவரை ஒரு டாக்சிக்காரன் கூட்டிவந்து விட்டான். அதற்கடுத்த தடவை மாட்டுங்கா ஸ்டேஷனில், பிளாட்பாரத்து விளிம்பில், கால்களைத் தண்டவாளத்துப் பக்கம் தொங்கவிட்டபடி உட்கார்ந்திருந்தார். மூளை தேய்கிற வியாதி, இனித் திரும்பாது, கண்ணிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

அண்ணாச்சி வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது. போனால் மயினியை யார் பார்ப்பது? எங்கள் சந்தில் பகலில் வீட்டில் இருக்கிறவர்கள் குழந்தைகளும் படுக்கையில் விழுந்தவர்களும்தான். மே மாதம் ஒருநாள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனார். தகரக் கூரை. உள்ளே அடுப்புக்குள் இருப்பது மாதிரிதான். மயினி கதவை அடித்து அடித்து, சாயங்காலம் திறந்தபோது இரண்டு கையும் முழங்கை வரை வீங்கி, நகக்கண்ணில் ரத்தம். அண்ணாச்சி அந்தக் கைகளைத் தன் மடியில் வைத்துக்கொண்டு மஞ்சள் பற்றுப் போட்டார். மறுநாள் மயினியைக் கைப்பிடித்து ரயில் பாலம் ஏற்றி இறக்கித் தோட்டத்துக்குக் கூட்டிவந்துவிட்டார்.

அது நல்ல ஏற்பாடாக அமைந்தது. வாசல் ஒன்றுதான், வாசலில் புருஷன். திறந்திருக்கும் நேரத்தில் கண் மயினிமேல். பதினொரு மணிக்கு எல்லோரும் வெளியே, மயினி மட்டும் உள்ளே. சங்கிலியைப் போட்டதும் அண்ணாச்சியின் முகமே மாறிவிடும். அப்போதுதான் பள்ளிவாசலுக்குப் போவார், வீட்டுக்குப் போய்ச் சோறு எடுத்து வருவார், மயினிக்கு ஊட்டுவார், பிறகு கேட்டில் முதுகைச் சாய்த்துத் தூங்குவார். ராத்திரி வீட்டுக் கதவுக்குக் குறுக்கே படுக்கிற மனிதர், ஒவ்வொரு புரளலுக்கும் விழித்துக்கொள்வார். உருப்படியான தூக்கம் என்றால் அந்தப் பகல் தூக்கம் ஒன்றுதான்.

"வீட்டுல பூட்டுனா கதவத்தான் பாக்கா. இங்க பூட்டுனா கதவு இருக்கதே அவளுக்குத் தெரியல" என்றார் ஒருநாள்.

மயினிக்கு அவர் புருஷன் என்பது மறந்து போயிருந்தது. காக்கிச் சட்டையைப் பார்த்துப் பட்டறை மேஸ்திரி என்று முடிவு கட்டிவிட்டார். பாதாம் மரத்திலிருந்து விழுகிற சிவந்த பெரிய இலைகளைப் பொறுக்கி, தடவிப் பார்த்து, ஓட்டை விழுந்ததைத் தள்ளி, நல்லதை அளவு வாரியாக அடுக்குவார். அடுக்கி முடித்துவிட்டு வாசலுக்கு வருவார்.

"மேஸ்திரி, லைனிங் எல்லாம் ஒட்டியாச்சு. நான் போவட்டா? எங்க வீட்டு ஆளு பசியோட இருப்பாவ."

"இன்னும் ஒரு கட்டு பாக்கி இருக்கும்மா. அத முடிச்சிட்டுப் போலாம்."

மயினி தலையாட்டிவிட்டு மறுபடி மரத்தடிக்குப் போவார். அண்ணாச்சி என் பக்கம் திரும்ப மாட்டார். பொய்யே சொல்லாத ஆள் என்று எங்கள் சந்தில் பெயர். ரேஷன் கடையில் கூட ஒரு கிலோ அதிகமாக வந்தால் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்து, வரிசையில் நின்றவர்களிடம் திட்டு வாங்கியவர். "இது மட்டும் பொய்யில்லியா?" என்று நான் சீண்டினால், "இது மருந்துவே" என்பார்.

வாசலுக்கு வெளியே இருந்தவர்கள் கதை வேறு. பகலில் மாட்டுங்கா வீடுகளில் இரண்டு வேலைக்கு நடுவே போக இடமில்லாத வேலைக்காரப் பெண்கள், பார்சல் கொண்டுபோகும் பையன்கள், சாக்கடை வாருகிறவர்கள், வியாபாரம் முடிந்த என்னைப் போன்றவர்கள், எல்லோரும் தோட்டத்து மதிலை ஒட்டி ஒரு சாண் நிழலில் உட்கார்ந்திருப்போம். அந்த நிழலும் ஒரு மணிக்குப் பிறகு இருக்காது. கம்பிக்கு உள்ளே அவ்வளவு நிழல் சும்மா கிடக்கும். அதில் ஒரே ஒரு பெண்பிள்ளை இலை பொறுக்கிக்கொண்டிருப்பார்.

போன கோடையில் ஒரு பார்சல்காரன் வந்தான். முதுகில் பெரிய பை. "சாச்சா, பத்து நிமிஷம் உள்ளே உட்காரட்டுமா" என்று இந்தியில் கேட்டான். ரூல் இல்லை என்றார் அண்ணாச்சி. அவன் கம்பி வழியாக மயினியைப் பார்த்தான், பிறகு அண்ணாச்சியைப் பார்த்தான். மதில் ஓரம் போய் உட்கார்ந்தவன் வாந்தியெடுத்துச் சாய்ந்துவிட்டான். டாக்சியில் ஏற்றி அனுப்பினோம். பிழைத்துக்கொண்டான், இப்போதும் அந்தப் பக்கம் பார்சல் கொண்டு போகிறான். ஆனால் அண்ணாச்சி அன்று முதல் பகலில் தூங்கவில்லை.

அந்தப் பையன் சாய்ந்ததைப் பார்த்த இன்னொருவர் வேங்கடசுப்ரமணியன் சார். ரிட்டையர் ஆனவர், வாக்கிங் கோஷ்டிக்குத் தலைவர். என்னிடம் இட்லி வாங்காத ஒரே ஆள் என்பதைத் தவிர அவர்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. தோட்டத்தைப் பகலிலும் திறக்க வேண்டும் என்று ஆபீஸ் ஆபீசாக ஏறி இறங்கினார். கடைசியில் ஒரு அதிகாரி நேரில் பார்க்க வருவதாக ஏற்பாடாயிற்று.

"கனி, நான் சொன்னா கிழவனுக்கு வேற வேலை இல்லேம்பா. நாள் முழுக்க இங்க இருக்கறவர் நீங்க. ஜனங்க கேக்கறாளா இல்லையான்னு நீங்க சொன்னாத்தான் எடுபடும்" என்றார் சார்.

"சொல்லுதேன் சார்."

"உங்க ஆத்துக்காரி இங்கதான் இருக்கான்னு தெரியும். அதுக்குத்தான் ரெண்டாவது ஆள் வேணும்னு கேட்டிருக்கேன். போட்டுடுவா."

சார் போனதும் நான் அண்ணாச்சியிடம் நேராகவே சொன்னேன். "ஒருத்தரும் கேக்கலன்னு சொல்லிரும். ஒரு வார்த்த. நாங்க வெயில்ல கெடந்து பழகுனவங்க, செத்தா போயிருவோம்?"

அதிகாரி வந்தார். வெயிலில் ஜீப்பைவிட்டு இறங்கவே அவருக்கு மனமில்லை. திறந்து வைத்தால் கூட்டுகிறவன், தண்ணீர், சண்டை என்று ஆயிரம் தொல்லை. அதனால் கேள்வியையே பதில் சொல்லிக் கொடுக்கிற மாதிரி கேட்டார். "யாரும் ஒண்ணும் கேட்கிறதில்லையே, வாட்ச்மேன்?" என்று இந்தியில்.

அண்ணாச்சி உள்ளே பார்த்தார். மயினி மரத்தடியில் இலையை வெயிலுக்கு எதிரே பிடித்து ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தார்.

"பூச்தே ஹை சாப்," என்றார். "ரோஜ் பூச்தே ஹை."

கேட்கிறார்கள், தினமும் கேட்கிறார்கள். அவ்வளவுதான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி என்பார்களே, அதை நான் கண்ணால் பார்த்தேன். ஜீப் போனதும் வாயில் வந்தபடி திட்டினேன். அவர் கோபப்படவில்லை.

"நெழலு அந்தப் பார்சல் பயலுக்கும் ஹக்கு உள்ளதுல்லா, சுயம்பு. அவன் உரிமைய நான் பூட்டி வச்சு என் பொண்டாட்டிக்குக் குடுக்கேன். அவன் பாத்த பார்வ இருக்கே, நாளைக்கு அல்லாகிட்ட அதுக்கு அவ பதில் சொல்லணும். அவளுக்குப் பதில் சொல்லத் தெரியுமா? மேஸ்திரியக் கேளுங்கம்பா."

என் சாமிகள் இவ்வளவு கணக்குப் பார்ப்பதில்லை.

மழைக்கு முன்பே உத்தரவு வந்துவிட்டது. விடிகாலை திறந்தால் ராத்திரிதான் பூட்டு. முதல் நாள் பகலில் வேலைக்காரப் பெண்கள் செருப்பைக் கழற்றிப் புல்லில் கால் நீட்டிப் படுத்ததைப் பார்க்க எனக்கே கண் நிறைந்துதான் போயிற்று. சாருக்கு யாரோ சால்வை போட்டார்கள். பெஞ்சுகள், மரத்தடி, புல் எங்கும் ஆட்கள் குறட்டை விட்டார்கள். இரண்டாவது ஆள் மட்டும் வரவில்லை. வருவான் வருவான் என்றது ஏஜென்சி. அண்ணாச்சி பள்ளிவாசலுக்குப் போவதை நிறுத்தி வாட்ச்மேன் கூண்டுக்குப் பின்னாலேயே தொழுதார். சோறு எடுக்க வீட்டுக்குப் போவதையும் விட்டார். நான்தான் மிஞ்சிய இட்லியைக் கொடுப்பேன். மயினிக்கும் இலை அடுக்க இடம் கிடைக்கவில்லை. அடுக்கியதன்மேல் யாராவது வந்து படுத்துவிடுவார்கள்.

ஒருநாள் பகலில் நிழல் பெஞ்சு ஒன்றுக்காக இரண்டு பேர் கட்டிப் புரண்டார்கள். அண்ணாச்சி விசிலை ஊதிக்கொண்டு ஓடினார். விலக்கிவிட்டு, அறுந்து விழுந்த தன் சட்டைப் பொத்தானைத் தேடி எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். மயினி இல்லை. தோட்டம் நிறையக் கூட்டம். ஒருவர் பார்க்கவில்லை. வேலை முடிந்துவிட்டது, மேஸ்திரியையும் காணோம், கிளம்பியிருப்பார்.

மொபைல் கடை, சயான் பாலம், ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, பிணவறை, மாஹிம் தர்கா வாசல், எல்லா இடத்துக்கும் போனோம். போலீசில் போட்டோ கொடுத்தோம். சார் தன் காரில் அலைந்தார், ஒருநாள் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்து அழுதார். அவரை அண்ணாச்சிதான் தேற்ற வேண்டியிருந்தது. மழை பிடித்துக்கொண்டது. ராத்திரி தகரத்தில் மழை விழும்போதெல்லாம் எதிர் வீட்டில் அண்ணாச்சி எழுந்து உட்காரும் சத்தம் கேட்கும். பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடையாது என்பார்கள். உண்மை சொன்ன வாயில் அந்த மழைக்காலம் முழுவதும் சோறு இறங்கவில்லை.

கணபதி விசர்ஜனம் முடிந்த வாரம் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. பன்வெல் தாண்டி, ஆதரவற்ற பெண்களுக்கு ஒரு டிரஸ்ட் நடத்தும் இல்லத்தில் ஒரு மதராசி அம்மாள் இருக்கிறாளாம், போய்ப் பார்க்கச் சொன்னார்கள். வடாலாவில் வண்டி மாறிப் போனோம். வழி முழுக்க அண்ணாச்சி மயினியின் போட்டோவையும், துவைத்து மடித்த ஒரு புடவையையும் மடியில் வைத்திருந்தார்.

உயர்ந்த மதில். பெரிய இரும்புக் கேட். உள்ளே முற்றம், முற்றத்தில் ஒரு வேப்பமரம். வாட்ச்வுமன் பூட்டைத் திறந்து எங்களை விட்டுவிட்டு, நாங்கள் நாலடி வைப்பதற்குள் மறுபடி பூட்டினாள். அண்ணாச்சி நின்று திரும்பி அந்தப் பூட்டைப் பார்த்தார்.

பொறுப்பாளர் அம்மாள் மராத்திக்காரி, கண்டிப்பான நல்ல மனுஷி. "அடையாளம் தெரிந்தால் இன்றைக்கே கூட்டிப் போய்விடுங்கள். ஒரு கட்டிலில் இரண்டு பேர் படுக்கிறார்கள். சொந்தம் இருக்கிறவர்களை வைத்துக்கொள்ள எங்களுக்கு ரூல் இல்லை" என்றார் இந்தியில்.

அண்ணாச்சி, "கேட் எப்பவும் பூட்டித்தான் இருக்குமா?" என்று கேட்டார்.

"ராத்திரி பகல் எப்போதும். இதுவரை ஒருத்தி வெளியே போனதில்லை."

வேப்பமரத்தடியில் மயினி உட்கார்ந்திருந்தார். பேனுக்காக முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். பூப்போட்ட நைட்டி. கன்னம் கொஞ்சம் உருண்டிருந்தது. வீட்டில் இருந்ததைவிடத் தேறியிருந்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எங்களைப் பார்த்து எழுந்தார். நேரே அண்ணாச்சியிடம் வந்து, அவர் முகத்தை உற்றுப் பார்த்து, கையைத் தூக்கிக் கன்னத்தைத் தொட்டார்.

"என்ன இப்பிடி மெலிஞ்சிட்டிய? யாரும் சோறு போடலியா ஒங்களுக்கு?"

மேஸ்திரியிடம் பேசுகிற பேச்சு இல்லை அது. எத்தனையோ மாதம் கழித்துப் புருஷனிடம் பேசினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கிடைத்துவிட்டார், முடிந்தது, சாயங்காலம் வண்டி பிடிக்கலாம் என்று நினைத்தேன்.

"என்ன சொல்கிறாள்?" என்றார் பொறுப்பாளர். "இங்கே யாருக்கும் இவள் பேச்சு புரிவதில்லை."

அண்ணாச்சி மயினியின் கையைக் கன்னத்திலிருந்து மெதுவாக எடுத்துவிட்டார்.

"எங்க பாஷைதான் மேடம். ஆனா என் வீட்டு ஆளு இல்ல. இது வேற அம்மா" என்று இந்தியில் சொன்னார்.

நான் வாயைத் திறந்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தப் பிடி இன்னும் வலிக்கிறது. போட்டோவைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. மயினி எங்கள் பின்னாலேயே கேட் வரை வந்தார். "எங்க போறிய? இரிங்க, நானும் வாரேன்" என்று சாதாரணமாகத்தான் சொன்னார். வாட்ச்வுமன் அவர் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டு, எங்களை வெளியே விட்டுப் பூட்டினாள்.

ரோட்டில் வந்து நான் கத்தினேன். மனுஷனா நீர் என்றுகூடக் கேட்டேன். அவர் மைல்கல்மேல் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

"கூட்டிட்டுப் போயி எங்க வைக்க? வீட்டுல பூட்டுனா கைய ஒடச்சுக்குவா. தோட்டத்துல பூட்டு இல்ல. நான் வேலைய விட்டா ரெண்டு பேரும் பட்டினி. இன்னொரு மட்டம் தொலைஞ்சா தண்டவாளத்துலதான் கெடைப்பா. இங்க மரமும் இருக்கு, பூட்டும் இருக்கு." கேட் பக்கம் திரும்பிப் பார்த்து, "புருசன்னு சொன்னா வச்சிக்கிட மாட்டாவ, கேட்டேல்லா?" என்றார்.

அண்ணாச்சி இப்போதும் அதே வாசலில்தான் இருக்கிறார். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை லீவு எடுத்துக்கொண்டு பன்வெல் போகிறார். சொந்தக்காரராகப் போக முடியாது. அதனால் தர்மம் செய்கிறவராகப் போகிறார். மயினிக்கு ஒரு வாழைப்பழம் கொடுக்க வேண்டுமானால் அங்கே இருக்கிற எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். கூடை தூக்க ஒருமுறை நானும் போனேன். வரிசையாகக் கொடுத்துக்கொண்டே வந்தவர், மயினியின் முன்னால் வந்ததும் பக்கத்தில் நின்ற பொறுப்பாளரைக் கடைக்கண்ணால் பார்த்துவிட்டு, "லோ அம்மா" என்று இந்தியில் சொல்லிப் பழத்தை நீட்டினார். தமிழில் ஒரு வார்த்தை பேசினால் அடுத்த வார்த்தையில் உடைந்துவிடுவார், அது அவருக்குத் தெரியும்.

மயினி பழத்தை வாங்கிக்கொண்டு, "நல்லாருங்க மேஸ்திரி" என்றார்.

அண்ணாச்சி முகம் தெளிந்துவிட்டது. திரும்பி வரும்போது ரயிலில் சொன்னார். ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கு வெளியே நின்று கையேந்தித் துவா கேட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைகிறாராம், இன்றைக்கு அவளுக்கு என்னை அடையாளம் தெரிந்துவிடக் கூடாது என்று.